ஒட்டுக்குள் ஓடிய வளி: திருகோணமலையில் ஒரு நன்னீர்த் தாங்கியின் முதற்கட்டச் சோதனை

கடற்கலத்தின் தாங்கி கசிகிறதா என்று பார்க்க மிக நல்ல வேளை, அதன் எல்லாப் பக்கங்களையும் கண்ணால் காண முடிகிற வேளைதான். புளொக் (தனித்தனியாகக் கட்டிப் பின்னர் இணைக்கப்படும் கலத்தின் பகுதி) தரையில் கிடக்கும், பெயின்ட் ஏறியிராது, குழாய்கள் வந்திரா, பக்கத்து அறை மூடப்பட்டிராது. அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால், அதே கசிவைத் தேட ஓர் ஆள் ஒரு மீட்டர் உயர அறைக்குள் விளக்குடன் தவழ வேண்டும், போட்ட பூச்சைச் சுரண்ட வேண்டும், சில இடங்களில் போட்ட குழாயைக் கழற்ற வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டது ஒரு மாதிரிக் கலம். திருகோணமலை உட்துறைமுகக் கரை போன்ற இடத்தில் உருக்கில் சிறிய கலங்களைக் கட்டும்போது திரும்பத் திரும்ப எதிர்ப்படும் நிலைமைகளை ஒரே கலத்தில் சேர்த்து வைத்து இந்த ஆய்வு எழுதப்பட்டிருக்கிறது. நீளம் 32 மீட்டர், அகலம் 8 மீட்டர், ஆழம் 2.8 மீட்டர். நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களுக்குக் குடிநீரும் டீசலும் கொண்டுபோகும் கலம். டீசலும் குடிநீரும் ஒரே கலத்தின் அடியில் இருப்பதால் இரண்டுக்கும் இடையில் வெற்றறை ஒன்று உண்டு. ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கத்துக்குப் போகக் கூடாது என்பதற்காக விடப்படும் வெறும் இடம் அது.

சோதனைக்கு எடுத்தது 20ஆம் பிரேமிலிருந்து 30ஆம் பிரேம் வரையுள்ள இடப்பக்க நன்னீர்த் தாங்கி. பிரேம் என்பது கலத்தின் குறுக்கு விலா; அவற்றின் இடைவெளி 500 மில்லிமீட்டர். ஆகவே நீளம் 5 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 1 மீட்டர், கொள்ளளவு 20 கன மீட்டர். தகடு 8 மில்லிமீட்டர். அடித்தகட்டில் 7 நெடுக்குச் சட்டங்கள், மேல்தகட்டில் 7. இவை 20, 30ஆம் பிரேம்களில் உள்ள நீர்புகாக் குறுக்குத் தகடுகளை ஊடறுத்துத் தொடர்ச்சியாகப் போகின்றன. 30க்கும் 32க்கும் இடையில் வெற்றறை, 32க்கு அப்பால் எரிபொருள் தாங்கி. புளொக்கின் முனை 30ஆம் பிரேமுக்கு அப்பால் 400 மில்லிமீட்டரில், அதாவது வெற்றறைக்குள், வெட்டப்பட்டிருந்தது. இந்த வெட்டு நல்ல முடிவு. புளொக்குகளை இணைக்கும் பொருத்து ஒட்டு (வெல்டிங் இணைப்பு) தாங்கிக்குள் வராததால், தாங்கி முழுவதையும் புளொக் கட்டத்திலேயே சோதித்துவிடலாம். 30ஆம் பிரேமின் பின்புறத்தைத் திறந்த முனையில் குந்தியிருந்தே பார்க்கலாம்.

வளியா, தண்ணீரா

இரண்டும் வெவ்வேறு கேள்விக்கு விடை தருகின்றன. வளிச் சோதனை ஒட்டு இறுக்கமா என்று காட்டும். தகடும் சட்டமும் சுமையைத் தாங்குமா என்று காட்டுவது தண்ணீர்ச் சோதனை. கப்பல்களின் தரத்தைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.ஏ.சி.எஸ். வெளியிட்ட எஸ்14 என்ற ஒருமித்த தேவை இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. வளிச் சோதனையில் அமுக்கத்தை 0.20 பாருக்கு ஏற்றி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் நிலைக்க விட்டு, பிறகு 0.15 பாருக்கு இறக்கித்தான் ஆட்கள் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

0.20 பார் சின்ன எண்ணாகத் தோன்றும். அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 தொன். இந்தத் தாங்கியின் மேல்தகடு 20 சதுர மீட்டர் என்பதால் அதை மேல்நோக்கித் தள்ளும் விசை 40 தொன் அளவில் வரும். 600க்கு 400 மில்லிமீட்டர் நீள்வட்ட மேன்ஹோல் (ஆள் இறங்கும் வாய்) மூடியில் மட்டும் 380 கிலோவுக்குக் கிட்ட. தண்ணீர் அமுங்காது, தகடு கிழிந்தால் ஒழுகி நின்றுவிடும். அமுங்கிய வளி அப்படி நிற்காது, தன்னிடம் சேர்ந்த சக்தி முழுவதையும் ஒரே கணத்தில் விடும். அமுக்கம் ஏறும்போது மூடிக்கு நேரே ஒருவரும் நிற்கக் கூடாது. மூடியின் போல்ட் ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். இரண்டு போல்ட்டை மிச்சம் பிடிப்பவர் மற்றவரின் உயிரை வைத்து மிச்சம் பிடிக்கிறார்.

சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். கரைத் தாங்கி தன் சொந்த உயரத்துக்குத்தான் திரவத்தைச் சுமக்கிறது. கலத்தின் அடித் தாங்கியிலிருந்து வளிக்குழாய் மேல்தளம் தாண்டி எழும்புகிறது. நிரப்பும்போது தண்ணீர் அந்தக் குழாயின் வாய்வரை ஏறலாம். அதனால் ஒரு மீட்டர் உயரத் தாங்கியும் பல மீட்டர் தண்ணீரின் அமுக்கத்தைத் தாங்கியாக வேண்டும்.

கருவிகள்

யூ குழாய்தான் இந்தச் சோதனையின் கண். பாதுகாப்பு வால்வும் அதுவே. தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் யூ வடிவில் கட்டி, ஒவ்வொரு காலும் 2.5 மீட்டர் இருக்குமாறு நிறுத்தி, பாதிவரை நிறமூட்டிய தண்ணீர் விட வேண்டும். 0.20 பாருக்கு இரு கால்களின் நீர்மட்ட வேறுபாடு 204 சென்டிமீட்டர்; 0.15 பாருக்கு 153. ஒரு காலின் ஏற்றத்தை மட்டும் அளந்துவிட்டு அதையே அமுக்கம் என்று எழுதும் தவறு அடிக்கடி நடக்கிறது. அப்படி எழுதினால் உண்மையான அமுக்கம் எழுதியதைப் போல் இரண்டு மடங்கு. இந்தப் பலகையில் வேறுபாடு 2.5 மீட்டரை எட்டும்போது, அதாவது 0.245 பாரில், தண்ணீர் வெளியே பீறிட்டு வளி தானாகவே விடுபடும். அது வேலை செய்ய ஒரு நிபந்தனை: யூ குழாயின் குறுக்குவெட்டு, வளி ஏற்றும் குழாயினதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ஏற்றும் ஹோஸ் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், யூ குழாய் 19 மில்லிமீட்டர் என்றால் கவலையில்லை. மாறி வைத்தால், தண்ணீர் பீறிட்ட பிறகும் உள்ளே அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். கொம்பிரசர் தொட்டியில் 7 பார் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது.

யூ குழாயுடன் அளவுதிருத்தம் செய்த அமுக்கமானி ஒன்று, ஏற்று வால்வு, அதற்குத் தனியாக இறக்கு வால்வு, தாங்கிக்குள் நுழையும் வெப்பமானி. கடைசியானதைப் பல தளங்களில் வைப்பதில்லை. திருகோணமலை வெயிலில் அது இல்லாமல் வாசிப்புக்குப் பொருள் சொல்ல முடியாது.

20 கன மீட்டரை 0.20 பாருக்கு ஏற்ற ஏறத்தாழ 4 கன மீட்டர் சாதாரண வளி போதும். நிமிடத்துக்கு அரைக் கன மீட்டர் தரும் கொம்பிரசர் 8 நிமிடத்தில் ஏற்றிவிடும். அதற்கு மேல் நேரம் எடுத்தால் எங்கோ பெரிய வாய் திறந்திருக்கிறது. பெரும்பாலும் மேன்ஹோல் பெக்கிங், அல்லது அடைக்க மறந்த வடிதுளை.

வெயிலும் மப்பும்

முதலில் வலப்பக்கத்தில் உள்ள இணைத் தாங்கி. அது பின்னேரம் சோதிக்கப்பட்டது. 204 சென்டிமீட்டரில் வால்வை மூடி ஒரு மணிநேரம் விட்டதில் 188க்கு இறங்கியது. எல்லா ஒட்டிலும் சவர்க்கார நீர் போட்டாயிற்று, ஒரு குமிழியும் இல்லை. உள்வெப்பமானி 36 பாகையிலிருந்து 32க்கு வந்திருந்தது. வெயிலை மப்பு மறைத்திருந்தது.

கணக்கு எளிது. உள்ளேயுள்ள தனி அமுக்கம் 1.21 பார், தனி வெப்பநிலை 300 கெல்வினுக்குச் சற்று மேல். ஒரு பாகை மாறினால் அமுக்கம் 0.004 பார், அதாவது 4 சென்டிமீட்டர் தண்ணீர், மாறும். 4 பாகைக்கு 16 சென்டிமீட்டர். இறங்கியதும் 16. தாங்கி இறுக்கமாகத்தான் இருக்கிறது. வெளி வளிமண்டல அமுக்கமும் வெப்பவலய நாடுகளில் காலை 10 மணிக்கும் பின்னேரம் 4 மணிக்கும் இடையில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கால் குறையும். அது வாசிப்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்திக் காட்டும். சிறிது என்றாலும் நுண்ணிய கசிவு ஒன்றை மூடி மறைக்க அது போதும்.

இடப்பக்கத் தாங்கி அதற்கு நேர்மாறு. காலை 6 மணிக்கு ஏற்றியது. 7 மணிக்கு உள்வெப்பம் 2 பாகை ஏறியிருந்தது. வாசிப்பு 212ஐத் தொட்டிருக்க வேண்டும். நின்றதோ 198. இறங்கியது 6 சென்டிமீட்டர்தான் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் உண்மையான இழப்பு 14. கன அளவில் இது மணிக்கு 270 லீட்டர் வளி. அவ்வளவு வளி போகும் இடத்தில் சவர்க்கார நுரை பொங்கி நிற்க வேண்டும். தாங்கியின் எல்லை ஒட்டுகள் ஒன்றிலும் அப்படி எதுவும் தெரியவில்லை.

சவர்க்கார நீர் போடுவதிலும் ஒழுங்கு உண்டு. போட்டவுடன் ஒரு முறை பார்க்க வேண்டும். புதிதாகப் போடாமல் நாலைந்து நிமிடம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும், நுண்ணிய கசிவு அப்போதுதான் நுரை கட்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் இந்த இரண்டாவது பார்வைதான் தவறிப்போகிறது. வறண்ட காற்றில் நுரை அதற்குள் காய்ந்துவிடும். ஆகவே விடியற்காலை வேலை, காற்றுக்கு ஒரு தறப்பாள் மறைப்பு. மாரிகாலத்தில் சிக்கல் வேறு. மழைநீர் நுண்துளைக்குள் புகுந்து நின்றால், 0.15 பார் வளியால் அதை வெளியே தள்ள முடியாத அளவொன்று உண்டு. மேற்பரப்பு இழுவிசைக் கணக்கில் அது 20 மைக்குரோமீட்டர் விட்டம், மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒன்று. அதைவிடச் சிறிய துளை நனைந்திருந்தால் சோதனையில் தேறிவிடும், காய்ந்த பிறகு கசியும். ஈர ஒட்டைச் சோதிப்பதில் பயனில்லை. தண்ணீர்ச் சோதனைக்கு முன் வளிச் சோதனையை முடிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். பெயின்டும் இப்படித்தான்: துளையின் வாயில் ஒரு தோலைப் போர்த்திவிடும், அந்தத் தோல் 0.15 பாரைத் தாங்கும், கடலில் போன பிறகு உரியும். தகட்டுத் தொழிற்சாலை போடும் சிலிக்கேட் வகை மெல்லிய பிரைமருக்கு விலக்கு உண்டு. கடைசிப் பூச்சுக்கு இல்லை.

குமிழி வேறோர் இடத்தில்

இடப்பக்கத் தாங்கியின் வளி வெளிவந்த இடம் புளொக்கின் திறந்த முனை. அடித்தகட்டின் நாலாவது நெடுக்குச் சட்டத்தின் அடியில், 30ஆம் பிரேமுக்கு அப்பால் 150 மில்லிமீட்டரில் நுரை பொங்கியது. அடுத்த புளொக்குடன் நேர்படுத்துவதற்காக ஒவ்வொரு சட்டத்தின் கடைசி 250 மில்லிமீட்டர் ஒட்டப்படாமல் விடப்பட்டிருந்தது. ஒட்டு தொடங்கும் வாயிலிருந்துதான் வளி வந்தது. 30ஆம் பிரேமின் குறுக்குத் தகட்டு ஒட்டு குற்றமற்றது. பிறகு எப்படி?

நெடுக்குச் சட்டத்தை அடித்தகட்டின் மீது நிறுத்தி இரு பக்கமும் மூலை ஒட்டுப் போடுகிறோம். சட்டத்தின் விளிம்பும் தகடும் தொடும் இடம் ஒட்டப்படுவதில்லை. இரு ஒட்டுகளுக்கும் நடுவில் மயிரிழை அகலத்தில் ஒரு வாய்க்கால் சட்டத்தின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. சட்டம் குறுக்குத் தகட்டை ஊடறுக்கும்போது அந்த வாய்க்காலும் ஊடறுக்கிறது. தாங்கிக்குள் எங்கோ ஓரிடத்தில் மூலை ஒட்டில் துளை இருந்தால் வளி உள்ளே நுழைந்து, 30ஆம் பிரேமுக்கு அடியால் நழுவி, அப்பால் வந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் தளத்தில் எழும் யோசனை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “நுரை வாற இடத்தை ஒரு ஒட்டுப் போட்டு அடைச்சால் சரிதானே பாஸ்?” அடைத்தால் வளி நிற்கும், சோதனை தேறும், கையொப்பமும் கிடைக்கும். ஆனால் பொருத்தும் நாளில் அந்த முனையைத் தேய்த்துத் திறந்து அடுத்த புளொக்கின் சட்டத்துடன் இணைப்பார்கள். வாய்க்கால் அங்கிருந்து நீண்டு, வெற்றறையைக் கடந்து, 32ஆம் பிரேமுக்கு அடியால் எரிபொருள் தாங்கிவரை போகும். டீசலையும் குடிநீரையும் பிரிக்க ஒரு மீட்டர் இடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடியால் ஒரு வழியையும் திறந்து வைத்ததாக முடியும். அந்த நிலையில் பார்ப்பவர் கண்ணுக்கு எல்லா ஒட்டும் சரியாகத் தெரியும். ஆகவே வெளிவாயை அடைக்கும் யோசனை மறுக்கப்பட்டது.

நுழைவாயைக் கண்டுபிடிக்கச் சோதனையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். முதலில் அமுக்கத்தைப் பூச்சியத்துக்கு இறக்கி, யூ குழாயின் இரு மட்டமும் சமமாவதைப் பார்த்த பிறகே மேன்ஹோல் போல்ட்டைத் தொட வேண்டும். விசிறியால் வளியூட்டி, ஒக்சிசன் 20.9 சதவீதம் நிற்கிறதா என்று மானியால் அளந்து, வாயிலில் ஒரு காவலாளை நிறுத்திய பின்பே இறங்கலாம். வெல்டிங்குக்குப் பயன்பட்ட காபனீரொட்சைட்டும் ஆர்கனும் வளியைவிடக் கனமானவை. ஒரு மீட்டர் ஆழக் குழிக்குள் அவை தங்கியிருக்கும், மூக்குக்குத் தெரியாது. பிறகு புளொக் முனையில் சட்டத்தின் அடிவாயில் ஹோஸ் மாட்டும் சிறு குழாய்முனை (நிப்பிள்) ஒன்றை ஒட்டி வாய்க்காலுக்குள் 0.15 பாருக்குக் குறையாமல் வளி விட்டு, தாங்கியின் உள்ளே சட்டத்தின் இரு பக்கமும் சவர்க்கார நீர் போட வேண்டும்.

நுரை இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று 26ஆம் பிரேமில், வெளிவாயிலிருந்து 2.15 மீட்டர் தள்ளி: தண்ணீர் வடிவதற்காகச் சட்டத்தில் வெட்டிய அரைவட்டத்தின் முனையில் ஒட்டைச் சுற்றிக் கொண்டுவராமல் நிறுத்தியிருந்தார்கள். மற்றது 28ஆம் பிரேமுக்குப் பக்கத்தில், ஒட்டை நிறுத்தித் தொடங்கிய இடத்துக் குழியில் ஓர் ஊசித்துளை. இரண்டும் வழமையான குற்றங்கள். இரண்டாவதற்குக் காற்றும் உடந்தை. வாயுக் காப்புள்ள வெல்டிங்கில் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் காப்பு வாயு கலைந்து ஒட்டில் துளை விழும். திறந்த கரையில் மறைப்பில்லாமல் செய்யும் வேலையில் இது நாளாந்த ஆபத்து.

திருத்தம்

இரண்டு துளைகளையும் கிரைண்டரால் தோண்டி, நல்ல உலோகம் தெரிந்த பிறகு ஒட்டியாயிற்று. சவர்க்கார எச்சத்தை நல்ல தண்ணீரால் கழுவி உலர்த்தாமல் ஒட்டினால் புதிய துளைகள் விழும். அதே எச்சம் பின்னர் பெயின்டையும் பிடிக்கவிடாது. துளையின் வாயைச் சுத்தியலால் தட்டி மூடுவதை எந்த நிலையிலும் ஏற்கக் கூடாது. அமுக்கம் ஏறியிருக்கும் தாங்கியில் வெல்டிங் ஆர்க் தொடக்கூடாது.

ஆனால் இரண்டு துளைகளை மூடியதால் வாய்க்கால் மறைந்துவிடவில்லை. நாளை மூன்றாவது துளை விழலாம். உண்மையான திருத்தம், நீர்புகாத் தகட்டின் இரு பக்கமும் வாய்க்காலை வெட்டி அடைப்பது. 30ஆம் பிரேமுக்கு இப்புறமும் அப்புறமும் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சட்டத்தின் அடியைப் பள்ளமாகத் தோண்டி (கௌஜிங் செய்து), முழு ஊடுருவல் ஒட்டால் நிரப்ப வேண்டும். கப்பல் கட்டுபவர்கள் இதை எண்ணெய்த் தடை என்கிறார்கள். வரைபடத்தில் இந்த விபரம் இல்லை என்பதுதான் இந்த நிகழ்வின் வேர். கீழே 7 சட்டம், மேலே 7, தாங்கியின் இரு முனை: மொத்தம் 28 ஊடறுப்புகள். கசிந்தது ஒன்றுதான் என்றாலும் 28லும் தடை போட வேண்டும், எரிபொருள் தாங்கியின் 32ஆம் பிரேமிலும் அவ்வாறே. புளொக் தரையில் இருக்கும்போது 30ஆம் பிரேமுக்கு அப்புறத்துத் தடைகளைத் திறந்த முனையிலிருந்தே ஒட்டலாம். கலம் இணைந்த பிறகு அவற்றுக்கும் ஒருவர் மேன்ஹோலால் இறங்க வேண்டும்.

தடை பிடித்ததா என்பதற்கும் அதே நிப்பிள் போதும். புளொக் முனையிலிருந்து வளி விட்டு வால்வை மூடினால், தடைவரை மட்டுமே அது போக வேண்டும். வாசிப்பு நிற்க வேண்டும். உள்ளே நுரை வரக் கூடாது. 28 ஊடறுப்புகளின் கொலர் தகடுகளும் அப்போதே பார்க்கப்பட்டன. சட்டம் நுழையும் வெட்டை மூடும் இந்தச் சிறு தகடுகளின் பின்பக்கக் கீழ்மூலை கைக்கு எட்டாது. வெல்டர் அங்கே ஒட்டைச் சற்று முன்னரே நிறுத்திவிடுவார். கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்றில் திருத்தம் வேண்டியிருந்தது.

மறுசோதனையும் காலை 6 மணிக்கே. வெப்பம் ஒரு பாகை ஏற, வாசிப்பு 204இலிருந்து 208க்கு வந்து நின்றது. பதிவுத்தாளில் தாங்கி எண், ஒட்டின் பிரேம் எண், உள்வெப்பநிலை தொடக்கத்திலும் முடிவிலும், இரு மானிகளின் வாசிப்பு, வானிலை, கண்ட குறை, திருத்திய முறை, மறுசோதனை நேரம் எல்லாம் எழுதப்பட வேண்டும். “சோதித்தது, சரி” என்ற ஒற்றை வரி அடுத்தவருக்கு எதையும் சொல்லாது.

பொருத்திய பின்

வெற்றறையில் விழும் பொருத்து ஒட்டுக்கு வெற்றிடப் பெட்டி போதும். கண்ணாடி மூடிய பெட்டியைச் சவர்க்கார நீர் பூசிய ஒட்டின் மீது வைத்து, உள்ளே 0.20 முதல் 0.26 பார் வரை வெற்றிடம் இழுத்தால், துளை இருக்கும் இடத்தில் நுரை கண்ணாடிக்குள் தெரியும். மூலைகளில் பெட்டியின் ரப்பர் விளிம்பு படியாது. அங்கே வெற்றறையையே வளியேற்றிப் பார்க்க வேண்டும்.

கட்டமைப்புச் சோதனை தண்ணீரால்தான். இரட்டை அடித்தாங்கிக்குத் தண்ணீர் நிற்க வேண்டிய மட்டம், வழிவுக் குழாயின் உச்சி, மேல்தகட்டுக்கு மேல் 2.4 மீட்டர், நீர்புகாத் தளத்தின் மட்டம் ஆகிய மூன்றில் உயரமானது. இந்தக் கலத்தில் தளம் மேல்தகட்டுக்கு 1.8 மீட்டர் மேலே. வழிவுக் குழாயும் இங்கே வளிக்குழாய்தான்; அது தளத்துக்கு மேல் 760 மில்லிமீட்டர் எழும்புகிறது. மொத்தம் 2.56 மீட்டர், அதுவே கணக்கு. மேல்தகட்டில் 0.25 பார், அடியில் 0.35 பார். ஒரே அமைப்புள்ள தாங்கிகளில் ஒன்றை இப்படிச் சோதித்தால் போதும் என்று விதி இடம் தருகிறது. சுமைக்கு முன்னும் பின்னும் மேல்தகட்டில் நேர்சட்டம் வைத்து வளைவை அளக்க வேண்டும். தண்ணீரை இறக்கிய பின் தகடு பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் அது ஒட்டின் குறையல்ல, சட்டத்தின் பலக்குறை.

20 தொன் தண்ணீர் கட்டுதளத்தின் தாங்குகட்டைகள் மீதுதான் இறங்கும். நிரப்புமுன் அந்தப் புளொக்கின் கீழுள்ள கட்டைகளையும் மண்ணையும் பார்க்க வேண்டும். மாரியில் ஊறிய மண் என்றால் கூடுதல் கட்டை. நிரப்பும் பம்பின் குழாயைவிடத் தற்காலிக வளிவாய் பெரிதாக இருக்க வேண்டும். கலத்தின் நிரந்தர வளிக்குழாய்க்கு விதிக்கப்படும் 125 சதவீதப் பரப்பையே இங்கும் கைக்கொள்வது நல்லது. சிறிய வாயை விட்டால், தாங்கி நிரம்பும் கணத்தில் பம்பின் முழு அமுக்கமும் தகட்டில் இறங்கும்.

குடாவின் உப்புநீர் எட்டி நின்று இறைக்கும் தூரத்தில் இருக்கிறது; பவுசரில் நன்னீர் வாங்கக் காசு வேண்டும். ஆனாலும் வெறும் உருக்கில் உப்புநீர் விடக் கூடாது. ஒட்டின் குழிகளில் தங்கும் உப்பைக் கழுவி எடுப்பது கடினம், அதன் மேல் போடும் பூச்சு கொப்புளமிடும். அதுவும் குடிநீர்த் தாங்கிக்குள். 5,000 லீட்டர் பவுசர் நான்கு வந்தால் தாங்கி நிரம்பும், நிற்குழாய்க்கும் அளவுக்குழாய்க்கும் இன்னும் சில வாளி. சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துவிடாமல், அளவுக்குழாய், உறிஞ்சுகுழாய், வளிக்குழாய் ஆகியவை புதிதாக நுழைந்த இடங்களைப் பார்ப்பதற்காக வலப்பக்கத் தாங்கிக்கு மாற்றலாம். குழாய் நுழைந்த ஒட்டுகள் புளொக் சோதனையின்போது இருந்தவையல்ல. அவற்றுக்குத் தனிப் பதிவு, தனிக் கையொப்பம்.